உதட்டுத் தழும்பன்

நாள் 1, சனிக்கிழமை, லிமா

பெருவின் தலைநகர் லிமாவில் இறங்கியதிலிருந்து சூரியன் கண்ணில் படவில்லை. குளிர்காலத்தில் இங்கே மழையும் பெய்யாது, வெயிலும் அடிக்காது. 'கருவா' என்றொரு தூறல் உண்டு. அதற்குக் குடை விரித்தால் ஊர் சிரிக்கும், விரிக்காவிட்டால் அரை மணியில் சட்டை நமத்துப்போகும். சாம்பலும் வெள்ளையும் கலந்த இந்த வானத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கழுதை வயிறு'. அண்ணாந்து பார்த்தேன். பொருத்தமான பெயர்தான்.

என்னோடு வந்திருப்பவன் என் தம்பி. பல் டாக்டர். எங்கே போனாலும் மனிதர்களின் வாயைத்தான் முதலில் பார்ப்பான். அந்தப் பழக்கம் இந்தப் பயணத்தில் உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

புவேப்லோ லீப்ரே பகுதியில் இருக்கும் லார்க்கோ அருங்காட்சியகத்துக்கு டாக்சி பிடித்தோம். பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடி வழியே எங்களைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். அங்கே காமச் சுடுமண் சிற்பங்களுக்கென்று தனிக்கூடம் உண்டு, அதற்குப் பெரும் புகழ். நாங்கள் வந்தது முகம் பார்க்க என்று தம்பி தன் அரைகுறை ஸ்பானிஷில் விளக்கினான். மனிதர் நம்பியதாகத் தெரியவில்லை.

பெருவின் வடக்குக் கடற்கரையில், பாலைவனத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும் சின்னச் சின்ன ஆறுகளின் பள்ளத்தாக்குகளில், ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்தவர்கள் மோச்சே மக்கள். இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள். எழுத்து கிடையாது, குயவர் சக்கரமும் கிடையாது. ஆனால் களிமண்ணில் மனித முகத்தை இவர்களைப் போலப் பிடித்தவர்கள் பழைய உலகத்தில் அதிகம் பேர் இல்லை. இங்கே அந்த முகக்குடங்களை 'வாக்கோ ரெத்ராத்தோ' என்கிறார்கள். வாக்கோ என்றால் புதைகுழியிலிருந்து வந்த பழைய பானை. வாக்கா என்றால் புனித இடம், கோயில் மேடு. வாக்கேரோ என்றால் அதைத் தோண்டித் திருடுகிறவன். கோயிலும் பானையும் திருடனும் ஒரே சொல்லின் பிள்ளைகள்.

அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம் குரலைத் தாழ்த்திக்கொண்டது. யாரும் சொல்லவில்லை, தானாக வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருபது முப்பது பேர் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்க்கும்போது சத்தமாகப் பேச வரவில்லை. பெரும்பாலும் ஒரு சாண் உயரம், சில ஒன்றரைச் சாண். செம்மண் நிறமும் பாலேட்டு நிறமும்தான் பூச்சு. ஒருவர் கன்னம் தொங்கிப்போன கிழவர். ஒருவருக்கு யார்மீதோ எரிச்சல். ஒருவர் நமக்குத் தெரியாத எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறார். தலையில் துணி சுற்றி, காதுமடலில் குழாய் செருகி, மூக்கிலும் கன்னத்திலும் வண்ணப்பட்டை இட்டிருக்கிறார்கள். தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு குழல்கள் வளைந்து வந்து ஒன்றாகி மேலே ஒரு வாயாக முடிகின்றன. அதுவே பிடி, அதுவே மூக்கு. ஆய்வாளர்கள் இதை அங்கவடி மூக்கு என்கிறார்கள். குதிரையையே கண்டிராத மக்களின் குடத்துக்குக் குதிரைச் சாமானின் பெயர்!

தம்பி ஒரு பானை முன்னால் வெகுநேரம் நின்றான். முகத்தின் ஒரு பாதி இழுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இது முகவாதம். பண்ணினவன் சும்மா கோணலாப் பண்ணலை. எந்த நரம்பு போச்சோ அதுக்கு ஏத்த மாதிரி கண்ணு மூடாம நிக்குது பாரு."

மூக்கும் உதடும் அரிக்கப்பட்ட முகங்களும் இருக்கின்றன. மணல்-ஈ கடித்து வரும் லீஷ்மேனியா நோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் பலகாலமாக எழுதிவருகிறார்கள். அந்த ஈ இன்றும் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் உண்டு.

நாள் 2, ஞாயிறு, மறுபடியும் லார்க்கோ

ஒரு நாள் போதவில்லை. லிமாவின் மற்ற பெருமைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பவும் அங்கேயே போனோம்.

இன்று நேராகக் கிடங்குக்கு. மற்ற அருங்காட்சியகங்கள் பூட்டி வைக்கும் சரக்கறையை இங்கே கண்ணாடி போட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். தரையிலிருந்து கூரை வரை அலமாரிகள், சுமார் 30,000 பொருட்கள். ஆந்தைகள் ஒரு வரிசை, கடல்சிங்கங்கள் ஒரு வரிசை, அப்புறம் காய்கறிக் கடை. நிலக்கடலை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் பானை வடிவத்தில். இவற்றில் எதுவும் 500 வருடங்களுக்கு முன் நம் ஊரில் கிடையாது. மிளகாய் இல்லாத நம் சமையலை நினைத்துப் பார்த்துவிட்டு அந்த அலமாரிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்து முகங்கள். நேற்று பார்த்தது பொறுக்கியெடுத்த அழகர்கள். இன்று பார்ப்பது கூட்டம். ஒரு தட்டில் பத்துப் பதினைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை, ரேஷன் கடை வாசலில் நிற்பதுபோல. சற்று நேரம் பார்த்தால் திக்கென்றிருக்கும். அதே ஆள் திரும்ப வருகிறார். இங்கே முகத்தில் வண்ணம், அங்கே வெறும் முகம். இங்கே ஒரு தலைப்பாகை, அங்கே வேறொன்று. மூக்கு மட்டும் மாறுவதில்லை.

காரணம் அச்சு. முதலில் ஒரு முகத்தைக் கையால் செய்து சுடுவார்கள். அதன்மேல் களிமண்ணை அப்பி, முன்பாதி பின்பாதி என இரண்டாகப் பிரித்தெடுத்துச் சுட்டால் அச்சு தயார். அப்புறம் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒன்றுபோல் ஒன்று பிறந்தாலும் வண்ணத்தில், அணிகலனில், சின்னச் சின்னக் கீறலில் வேறுபடுத்துவார்கள்.

கிறிஸ்டோபர் டொனன் என்ற அமெரிக்க ஆய்வாளர் உலகமெங்கும் உள்ள அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் 900-க்கும் மேற்பட்ட முகக்குடங்களைப் படமெடுத்து அடுக்கி, யார் யார் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று பார்த்தார். அப்படிச் சிக்கியவர்களில் ஒருவருக்கு மேலுதட்டில் ஒரு தழும்பு. அதை வைத்தே பெயர் சூட்டினார். தமிழில் நான் 'உதட்டுத் தழும்பன்' என்று அழைக்கப்போகிறேன். இவருக்கு மட்டும் 40-க்கும் மேற்பட்ட உருவங்கள். ஏறத்தாழப் பத்து வயதுப் பையனாக, இளைஞனாக, முப்பதைத் தாண்டிய ஆளாக. ஒரே மனிதனின் வயது கூடக்கூடச் செய்த உருவங்கள்! கிரேக்க ரோமானிய மன்னர்களுக்கு இருக்கலாம். பெயரே தெரியாத ஒருவருக்கு இப்படி இருப்பது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

ஒரு மணி நேரம் தேடி ஒருவரைக் கண்டுபிடித்தோம். அவர்தானா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். தம்பிக்கு இல்லை.

"பிறவிப் பிளவு இல்லக்கா. வெட்டு. தையல் போடாம தானா ஆறினது. நான் பார்த்திருந்தா ரெண்டு தையல்ல சரி பண்ணியிருப்பேன்."

"பண்ணியிருந்தா இன்னிக்கு யாருக்கும் அவரைத் தெரிஞ்சிருக்காதுடா."

இந்தச் சேகரிப்பைத் தொடங்கிய ரஃபாயேல் லார்க்கோ ஹொய்லே, சிக்காமா பள்ளத்தாக்கில் கரும்புப் பண்ணை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. 1926-இல் சிக்லின் பண்ணையிலேயே அருங்காட்சியகம் திறந்தபோது அவருக்கு 25 வயது. பிற்பாடுதான் எல்லாம் லிமாவுக்கு வந்தன. அந்த அங்கவடி மூக்கின் விளிம்பு எப்படி மாறிக்கொண்டே போகிறது என்பதை வைத்து மோச்சே காலத்தை ஐந்து கட்டங்களாகப் பிரித்தவரும் அவரே. வடக்குப் பள்ளத்தாக்குகளுக்கு அந்த வரிசை சரிப்படவில்லை என்று பின்னால் தெரிந்தது. தெற்கே இன்னும் 'மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம்' என்றுதான் பேசுகிறார்கள். முகக்குடங்கள் செழித்தது அந்த இரண்டு கட்டங்களில்தான்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்கு, எந்தக் குழியில், யார் பக்கத்தில் கிடந்தது என்ற குறிப்பே கிடையாது. வாக்கேரோ தோண்டுவான், விற்பான், அதோடு சரி. முகம் இங்கே வந்துவிட்டது, ஆள் எங்கே?

இரவு பஸ். வடக்குக் கடற்கரை நகரமான ட்ருஹீயோவுக்கு 560 கிலோமீட்டர்.

நாள் 3, திங்கள், ட்ருஹீயோ

ஒன்பது மணி நேரம். பஸ்ஸில் குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்லித் தம்பி மூன்று தடவை கேட்டான், மூன்று தடவையும் சரி என்றார்கள். விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே இரண்டே நிறம். ஆறு தொட்ட இடம் பச்சை, தொடாத இடம் மணல். நடுவில் ஒரு கோடு போட்டதுபோல.

ட்ருஹீயோவில் திங்கட்கிழமை மதியம் ஒரு கஞ்சி கிடைக்கும். பெயர் ஷாம்பார். கோதுமை, கொண்டைக்கடலை, பயறு வகைகள், பன்றி இறைச்சி எல்லாம் சேர்ந்து கொதிக்கும். திங்களன்று மட்டும்தான். பெயரைக் கேட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததில் பரிமாறிய அம்மாவுக்குக் கோபம். விளக்கிச் சொன்னதும் இன்னொரு கரண்டி ஊற்றினார். நம் சாம்பாருக்கும் இதற்கும் பெயர் தவிர ஓர் உறவும் இல்லை.

ஊருக்கு வெளியே, வெள்ளை மலை என்ற கரட்டின் அடியில் இரண்டு வாக்காக்கள் எதிரெதிரே. வாக்கா தெல் சோல் என்ற சூரிய வாக்கா, 13 கோடிக்கும் மேற்பட்ட வெயிலில் காய்ந்த மண்கட்டிகளால் எழுந்தது. இப்போது பார்த்தால் மழையில் கரைந்த கரையான் புற்று. மழை மட்டும் கரைக்கவில்லை. 1602-இல் ஸ்பானியர்கள் மோச்சே ஆற்றையே திருப்பிவிட்டு, தண்ணீரை மோதவைத்துக் கோயிலைக் கரைத்துத் தங்கம் தேடினார்கள். முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகப் போய்விட்டது என்கிறார்கள். திருட்டுக்கு மண்வெட்டி போதாமல் ஆறு வேண்டியிருந்திருக்கிறது.

எதிரே வாக்கா தெ லா லூனா, நிலா வாக்கா. இதுதான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியது. 1991 முதல் சந்தியாகோ உசேதாவும் ரிக்கார்தோ மொராலெஸும் நடத்திய அகழாய்வில் வெங்காயம்போல் தோல் தோலாக வெளிவந்த கோயில். பழைய கோயிலை மண்கட்டியால் நிரப்பி மூடி, அதன்மேல் புதிது கட்டி, அதையும் மூடி. மூடியதால் சுவரோவியங்கள் பிழைத்தன. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. சதுரச் சதுரமாக ஒரே முகம், கோரைப்பல்லும் வட்டக்கண்ணும் அலைபோல் சுருளும் தலைமுடியுமாக. அது தெய்வ முகம், எல்லாச் சதுரத்திலும் ஒன்றேதான். லிமாவில் பார்த்த மனித முகங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருக்க எத்தனை பாடுபட்டார்கள் என்பது இந்தச் சுவர் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

வழிகாட்டிப் பெண் பின்பக்க முற்றம் ஒன்றைக் காட்டினார். 1995-இல் ஸ்டீவ் பூர்ஜே அங்கே தோண்டியபோது 70-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. எல்லாம் ஆண்கள், பெரும்பாலும் இளவயது. எலும்புகளை ஆராய்ந்த ஜான் வெரானோ, கழுத்தெலும்பில் வெட்டுத் தடங்களையும் உடம்பில் ஆறிப்போன பழைய முறிவுகளையும் கண்டார். சண்டை பழகிய உடம்புகள். சிலர் கிடந்தது சேற்றில். மழையே காணாத இந்த ஊரில் சேறு வருவது, கடல் சூடேறி மழை கொட்டும் எல் நீன்யோ வருடத்தில்தான்.

அவர்களோடு வேறொன்றும் கிடைத்தது. உட்கார்ந்த நிலையில், அம்மணமாக, கழுத்தில் கயிறோடு ஆண்களின் களிமண் உருவங்கள். எல்லாம் வேண்டுமென்றே உடைக்கப்பட்டவை, ஒன்றுகூடச் சுடப்படாதவை. சுட்டால் நிலைத்துவிடும் என்பதாலா?

உதட்டுத் தழும்பன் கதையின் கடைசிப் பக்கமும் இதுதான் என்கிறார் டொனன். முகக்குடங்களில் காதணியும் தலைப்பாகையுமாக இருக்கும் சிலர், வேறு பானைகளில் கை கட்டப்பட்டு, கழுத்தில் கயிறோடு அம்மணமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தழும்பனும் அவர்களில் ஒருவர். சிறு வயதிலிருந்து உருவம் செய்து கொண்டாடப்பட்டவர் ஒரு சண்டையில் பிடிபட்டுப் பலியாகியிருக்கலாம் என்பது அவர் வாதம். எனக்கு அது ஏற்புடையதாகத்தான் இருக்கிறது. தம்பிக்கு இல்லை.

"தழும்பு ஒண்ணை வச்சு ஆளை எப்படிக்கா முடிவு பண்றது? எங்கிட்ட வாரத்துக்கு நாலு உதட்டு வெட்டு வருது."

பதில் சொல்லவில்லை. முகங்கள் லிமாவில். எலும்புகள் இங்கே. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க ஒரு குறிப்பும் இல்லை.

வெளியே வரும்போது முடியே இல்லாத நாய் ஒன்று படியில் படுத்திருந்தது. விரிங்கோ என்பார்கள். தொட்டால் வெந்நீர்ப் பை மாதிரிச் சூடு.

நாள் 4, செவ்வாய், காம்பீன்யா தெ மோச்சே

வாக்காக்களின் நிழலில் இருக்கும் கிராமம் இது. சோளக்கொல்லைக்கு நடுவே நகல் வாக்கோ செய்யும் ஒரு வீட்டைத் தேடிப் போனோம். அறுபது வயதிருக்கும் குயவர், அளவாகப் பேசுகிறவர். இரண்டு வாக்காக்களுக்கும் நடுவிலிருந்த பழைய நகரத்தில் உசேதாவின் குழு ஒரு குயவர் பட்டறையையே அச்சுகளோடு தோண்டியெடுத்திருக்கிறது. "நானும் அதேதான் செய்கிறேன், மின்விளக்கு ஒன்றுதான் அதிகம்" என்றார்.

எங்களுக்காக ஒன்று செய்து காட்டினார். அச்சின் உள்ளே களிமண்ணைச் சப்பாத்தி கனத்துக்குத் தட்டி, மூக்குப் பள்ளத்தில் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிச் செலுத்தினார். அங்கே காற்று நின்றால் சூளையில் வெடித்துவிடுமாம். பின்பாதியையும் தட்டி, இரண்டையும் சேர்த்து, கழுத்து வழியே விரலை விட்டு உள்ளிருந்து ஒட்டைத் தேய்த்தார். பழைய பானை உடைந்த துண்டுகளில் இப்படித் தேய்த்த விரல் தடம் அப்படியே இருக்கும் என்றார். வெளியே அதை மழித்துவிடுவார்கள். காதுக்குப் பின்னால் மட்டும் ஒட்டு லேசாகத் தெரியும். "திருட்டு வாக்கோ வாங்குகிறவன் முதலில் அங்கேதான் தடவிப் பார்ப்பான்."

அச்சு விலகியதும் எங்கள் வாய் மூடிக்கொண்டது. உதட்டுத் தழும்பன்.

ஆனால் தழும்பு இல்லை. தந்தை காலத்து அச்சாம், தேய்ந்துபோயிருக்கிறது. எனக்கு ஏமாற்றம். அவர் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை, ஈரமான களிமண்ணில் நாணல் குச்சியை வைத்துக்கொண்டு கேட்டார்: "எந்தப் பக்கம்?"

எங்களுக்குத் தெரியவில்லை! லிமாவில் அவரை வெறித்துப் பார்த்திருக்கிறோம். நான் ஒரு பக்கம் சொன்னேன், தம்பி மறுபக்கம். அவருடைய இடமா, நமக்கு இடமா என்று சண்டை. அச்சுக்குள் எல்லாம் இடம் வலம் மாறி இருப்பதால் அச்சைப் பார்த்துச் சொன்னால் தப்பிவிடும் என்று குயவர் பொறுமையாகக் குறுக்கிட்டார். கடைசியில் போனில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னோம். ஒரே இழுப்பு. மழமழவென்றிருந்த ஒரு பொம்மைக்கு அந்த ஒரு கீறலில் ஊரும் வயதும் வந்துவிட்டன.

அதை எடுத்துப்போக முடியாது. காயப் பத்து நாளாவது வேண்டும், பிறகு சூளை. அலமாரியில் ஏற்கெனவே சுட்டுவைத்த ஒன்றை, அதே அச்சில் பிறந்த தழும்பில்லாத ஒருவரைப் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார். எங்களுடையது நிழலில் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறது. சூளையிலிருந்து எடுத்ததும் படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாள் 5, புதன், எல் ப்ரூஹோ

சிக்காமா பள்ளத்தாக்கு, கடலோரம். கரும்புக்காடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வாக்கா காவோ வியேஹோ. ரெகுலோ ஃபிராங்கோ தலைமையில் இங்கே தோண்டியவர்கள் 2006-இல் ஒரு துணிமூட்டையைப் பிரித்தார்கள். சுற்று சுற்றாகப் பிரித்துக்கொண்டே போனபோது உள்ளே இருபதுகளில் இறந்த ஒரு பெண். கைகளில் பாம்பும் சிலந்தியும் பச்சை குத்தியிருக்கிறது. கூடவே பெரிய போர்த்தடிகள், ஈட்டியெறிகோல்கள். அதுவரை மோச்சே நாட்டில் ஆண்டவர்கள் ஆண்கள் மட்டுமே என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை மாற்ற வேண்டிவந்தது. காவோ சீமாட்டி என்று அழைக்கிறார்கள். கி.பி. 400-ஐ ஒட்டிய காலம்.

டொனன் பார்த்த அத்தனை முகக்குடங்களிலும் ஆண்கள் உண்டு, சில சிறுவர்கள் உண்டு, வளர்ந்த பெண் ஒருத்தியும் இல்லை. பிள்ளை பெறுகிறவளாக, பாலூட்டுகிறவளாக, சுமை தூக்குகிறவளாகப் பெண்ணின் உருவப் பானைகள் இருக்கின்றன. 'இவள் இன்னாள்' என்று சொல்லும் முகம் மட்டும் இல்லை. ஆண்டவளுக்கும் இல்லை. முகம் மட்டும் மிஞ்சியவர்களை லிமாவில் பார்த்தோம். உடம்பு மட்டும் மிஞ்சியவளை இங்கே பார்க்கிறோம்.

அருங்காட்சியகத்தில் அவளை நேராகப் பார்க்க விடுவதில்லை. சாய்ந்த கண்ணாடி ஒன்றில் பிம்பம் தெரியும், அதைப் பார்க்கலாம். பாதுகாப்புக்கும் மரியாதைக்குமாக. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தம்பி காதருகே வந்து, "பச்சை குத்தினது எந்தக் கைன்னு பார்த்துக்கோ, அப்புறம் சண்டை வரும். இது கண்ணாடி" என்றான்.

மண்டையோட்டை லேசர் கதிரால் அளந்து, தசையையும் தோலையும் கணினியில் ஏற்றி, 2017-இல் அவள் முகத்தை முப்பரிமாண அச்சில் எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கிடைக்காத உருவச்சிலை, இந்தக் காலத்து அச்சில். சற்றே களைத்த முகம். கன்னமேடு உயரம். நுழைவுச்சீட்டு கிழித்துக் கொடுத்த பெண்ணைத் திரும்பி வரும்போது இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

நாள் 6, வியாழன், வாஞ்சாக்கோ

இன்று ஒன்றும் எழுத வேண்டாம் என்றிருந்தேன். கடல், சமைக்காமல் எலுமிச்சையில் ஊறவைத்த மீன், அதோடு அவித்த சர்க்கரைவள்ளி. கோரைப்புல் தோணிகளைக் கரையில் நிமிர்த்திக் காயவைத்திருந்தார்கள். லார்க்கோ கிடங்கில் இதே தோணியில் உட்கார்ந்து மீன் பிடிக்கும் பானை ஒன்று இருக்கிறது. அவருக்கும் முகம் இருந்தது, ஆனால் இவர் இன்னார் என்று சொல்லும்படியான முகம் அல்ல.

பின்குறிப்பு, ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து

லிமா விமான நிலையத்தில் எங்கள் பானையைத் துணி பிரித்து, காதுக்குப் பின்னால் தடவி, அடியில் குயவரின் பெயரைப் பார்த்துவிட்டு விட்டார்கள். இப்போது அது என் புத்தக அலமாரியில். யார் இது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஓர் அடையாளமும் இல்லை.

நேற்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சூளைச் சூடு ஆறாத முகம், கன்னத்தில் ஒரு கரும்புகைத் தீற்றல். தழும்பு நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் பக்கம் மாறி!

பதறிப்போய்த் தம்பிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"அக்கா, பின்னால தொங்குற காலண்டரைப் பாரு. எழுத்தெல்லாம் இடம் வலமா மாறி இருக்கு. மனுஷன் செல்ஃபி கேமராவுல எடுத்திருக்கார்."